கயிறு நனைந்திருந்தது

நவம்பர் முதல் தேதி நண்பகல் தொடங்கி
மறுநாள் நள்ளிரவு வரை
கோவிலுக்குள் எத்தனை முறை நுழைகிறோமோ
அத்தனை ஆத்துமாக்கள்
உத்தரிக்கிற ஸ்தலத்தை விட்டு வெளியேறும்.
பங்குச்சாமியார் பிரசங்கத்தில் சொன்னது.
முதலில் பாவசங்கீர்த்தனம், நற்கருணை.
பிறகு உள்ளே வந்து ஆறு பரலோக மந்திரம்,
ஆறு மங்கள வார்த்தை, ஆறு திரித்துவப் புகழ்.
வெளியே போ. திரும்பி வா. அடுத்த ஆத்துமா.

எவ்வளவு தூரம் வெளியே போகணும் சாமி,
ஒரு கால் போதுமா என்று கேட்டான்
ரொட்டிக்காரன் ப்ரிமோஜ்.
சாமியார் கொஞ்சம் யோசித்தார்.
கூரைத் தண்ணீர் தலையில் விழும் வரை, என்றார்.
அந்த வருஷம் ஊரே நனைந்தது.

நான் கோவில்பிள்ளை.
கீலுக்கு எண்ணெய், தொட்டிக்குத் தீர்த்தம்,
மணிக்கு என் கை.
லுப்லியானாவிலிருந்து வரும் சாலை
எங்கள் பாதரசச் சுரங்கத்தின் வாயில் முடிந்துவிடுகிறது.
இங்கே எல்லார் விரலும் ஆடும்.
தொட்டியில் நனைத்த தீர்த்தம்
நெற்றிக்கு வருவதற்குள் பாதி தரையில்.
நான்கு குடம் ஊற்றினேன், துடைத்தேன், மறுபடி ஊற்றினேன்.

யேரா உலர்ந்த அவரை விதைகளோடு வந்தாள்.
ஒரு நுழைவுக்கு ஒரு விதை,
இடது பையிலிருந்து வலது பைக்கு.
முதலில் யெர்னேய், அவள் புருஷன்.
பிறகு பொலோனா, மூன்று வாரம் இருந்த குழந்தை.
ஞானஸ்நானம் பெற்ற சிசுவுக்கு இது வேண்டாம் அம்மா,
என்றார் சாமியார்.
இருக்கட்டும், என்றாள்.
மாமியார். இரண்டு அண்ணன்மார்.
ஆட்டுப்பால் கடன் கொடுத்துக் கேட்காமலே செத்துப்போன
மேல்தெரு விதவை.
இருட்டிய பிறகு அவள் மட்டும்தான்.
காலிக் கோவிலில் முணுமுணுப்பு
மணிக்கூண்டு வரை கேட்கும்.

நான் ஒரு பெயருக்காகக் காத்திருந்தேன்.
லோவ்ரென்ஸ். உலை மேஸ்திரி.
கரண்டியைப் பிடிக்க முடியாத ஒருவனை
இன்னும் ஒரு மாதம்தானே என்று
உலைக்கு அனுப்பியவர்.
அனுப்பப்பட்டவன் யெர்னேய்.
அனுப்பியவர் என் அப்பா.

அப்பாவுக்காக நான் காலையிலேயே நுழைந்துவிட்டேன்.
பரிபூரண பலன் என்றால் பரிபூரணம்;
மிச்சம் வைக்காது.
கணக்குப்படி அவர் ஏழு மணிக்கே
மோட்சத்தில் காலை வைத்திருக்க வேண்டும்.
ஆனாலும் கயிற்றடியில் நின்றுகொண்டிருந்தேன்,
கடன் அடைந்தும்
பத்திரம் கைக்கு வராதவனைப் போல.

பதினொன்றே முக்கால்.
கூரைத் தண்ணீருக்கு அப்பால் யேரா.
உள்ளங்கையில் ஒற்றை விதை.
உள்ளே வரவில்லை, வீட்டுக்கும் போகவில்லை.
மழையில் மாடு நிற்பதுபோல் நின்றாள்.
பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம்.
ஒன்று.

"மணி ஆயிற்றா?"

கயிறு என் கையில் இருந்தது.

"இன்னும் இல்லை."

எவ்வளவு நேரம் என்று தெரியாது.
பீடத்து மெழுகுவர்த்தி ஒரு விரற்கடை குறைந்தது.
பிறகு கதவு சத்தமில்லாமல் திறந்தது;
நான் விட்ட எண்ணெய் அப்படி.
முழந்தாளிட்டாள். ஆறு, ஆறு, ஆறு.
இந்த முறை பெயரை
உதட்டுக்கு உள்ளேயே வைத்துக்கொண்டாள்.

இழுத்தேன்.
பதின்மூன்று அடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

காலையில் ப்ரிமோஜ் வந்து நின்றான்.
மணியை நம்பித்தான் ரொட்டியை அடுப்பில் வைக்கிறேன்,
எல்லாம் கருகிப்போச்சு, என்ன ஆயிற்று உனக்கு?
கயிறு நனைந்திருந்தது, என்றேன்.
வெளிமழை எட்டாத கயிறு.

சனிக்கிழமை கூண்டில் முழந்தாளிட்டு
பொய் சொன்னேன் சாமி என்பேன்.
அது சுலபம்.
அந்தக் கால் மணி நேரத்தை
யாருடையதிலிருந்து எடுத்தாய் என்று கேட்டால்?